சைக்கிளை எங்கே விடுவது? பம்மலிலிருந்து தாம்பரம் வரை

காலை ஏழே முக்காலுக்குப் பம்மல் மெயின் ரோட்டில் நின்று பார்த்தால், இந்த ஊர்ப் பிள்ளைகள் எதை நம்பிப் படிக்கப் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். பல்லாவரத்துக்கும் குன்றத்தூருக்கும் இடையே ஓடும் பஸ்களில் படிக்கட்டு வரை கூட்டம். ஷேர் ஆட்டோவில் காலை வைக்க இடமில்லை. அந்த நெரிசலின் ஓரத்தில், கடை வாசல்களை உரசியபடி சைக்கிள்கள் போகின்றன. துப்பட்டாவை இரு தோளிலும் பின் குத்திக்கொண்டு, புத்தகப் பையை முன்கூடையில் திணித்த பெண்கள். கேரியரில் தம்பியை உட்கார வைத்து எம்பி எம்பி மிதிக்கும் பையன்கள்.

பம்மல் என்றதும் தமிழ் நாடகத்துக்குப் புது வாழ்வு கொடுத்த சம்பந்த முதலியார் சிலருக்கு நினைவுக்கு வருவார். சங்கரா கண் மருத்துவமனையைச் சொல்வார்கள் சிலர். பக்கத்து நாகல்கேணியின் தோல் பதனிடும் ஆலைகளைச் சொல்பவர்களும் உண்டு. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரம், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளோடு பம்மலும் அதில் சேர்ந்தது. பெயரில் மாநகராட்சி வந்துவிட்டது. ஆனால் தெருக்களின் அகலம் பழைய கிராமத்துடையது. அந்தத் தெருக்களில் சைக்கிள்தான் நினைத்த நேரத்துக்குப் போய்ச் சேரும்.

என் அக்கா மகளும் அப்படிப் போனவள்தான். பிளஸ் ஒன் படிக்கையில் அரசு கொடுத்த சைக்கிளிலேயே கல்லூரிக்கும் போய் வந்தாள். முதல் பருவத் தேர்வு முடிவதற்குள், கல்லூரி வளாகத்துக்குள் பூட்டி வைத்திருந்த சைக்கிள் காணாமல் போனது. அலுவலகத்தில் கேட்டதற்கு, “அவரவர் பொருளுக்கு அவரவர்தான் பொறுப்பு” என்று முடித்துக்கொண்டார்கள். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். எந்தக் கல்லூரியில் விசாரித்தாலும் இப்படி ஒரு பிள்ளையைக் காட்டுவார்கள். அவள் போய் வந்த வழியில் நானும் சைக்கிளிலேயே போவது, ஒரு மாணவர் இறங்கி வண்டியை விட வேண்டிய இடங்களில் எல்லாம் நின்று பார்ப்பது என்று முடிவு செய்தேன். பம்மலிலிருந்து தாம்பரம் வரை சுமார் பத்துக் கிலோமீட்டர். கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை.

முதலில் நின்றது பம்மலிலேயே, காற்றடிக்கும் சைக்கிள் கடையில். கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் வயது. திருட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், “உங்க வண்டி நம்பர் என்ன, சொல்லுங்க பார்ப்போம்” என்றார்.

“சைக்கிளுக்கு ஏதுண்ணே நம்பர்?”

பதில் பேசாமல் வண்டியை இருக்கையும் ஹேண்டில்பாரும் தரையில் படும்படி கவிழ்த்தார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால், பெடல் அச்சு நுழையும் குழலின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தார். கிரீஸும் மண்ணும் கலந்த கறுப்புப் படலம் இரண்டு மூன்று தேய்ப்பில் உரிந்தது. அடியில், இரும்பிலேயே அடித்துப் பதித்த எழுத்துகளும் எண்களும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. “இதான் பிரேம் நம்பர். சில கம்பெனி வண்டில சீட்டுக்குக் கீழ இறங்குற குழாய்ல இருக்கும். சீட்டை மாத்தலாம், கூடையை மாத்தலாம், பெயின்ட் அடிக்கலாம். இதை அழிக்கணும்னா ராவணும், ராவுனா தெரிஞ்சிடும். ஆனா வண்டி தொலைஞ்சவங்க யாருக்கும் இந்த நம்பர் தெரியாது சார். செவப்பு கலர், முன்னாடி கூடை இருக்கும்னு சொல்லுவாங்க. அந்த மாதிரி ஊருக்குள்ள எவ்வளவு வண்டி ஓடுது!”

பழைய ஆட்கள் இன்னொன்றும் சொல்வார்கள். ஒரு காலத்தில் நம் ஊராட்சிகளும் நகராட்சிகளும் சைக்கிளுக்கு வரி வாங்கின. கட்டியவருக்கு எண் பொறித்த ஒரு வில்லை கொடுப்பார்கள். அதை வண்டியில் மாட்டாமல் போனால் வழியில் பிடிப்பார்கள். வரி போனது ஏழைகளுக்கு நல்லதுதான். ஆனால் வண்டியையும் உடையவரையும் இணைத்த ஒரே பதிவும் அதோடு போய்விட்டது. ஜப்பானில் 1994 முதல் ஒவ்வொரு சைக்கிளையும் திருட்டுத் தடுப்புப் பதிவேட்டில் சேர்ப்பது உடையவரின் சட்டக் கடமை. வண்டி வாங்கும் கடையிலேயே சிறு கட்டணத்தில் பதிந்து, எண்ணுள்ள ஸ்டிக்கரை பிரேமில் ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். சாலையில் கேட்பாரற்று நிற்கும் வண்டியைப் போலீஸ் பார்த்தால், அது யாருடையது என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

பல்லாவரத்தை நெருங்கும்போது கூட்டம் கட்டி நிறுத்தியது. வெள்ளிக்கிழமைச் சந்தை. செடிக் கன்றிலிருந்து பழைய தையல் மெஷின் வரை, வீட்டுக்கு வேண்டியதும் வீட்டிலிருந்து கழிந்ததும் இங்கே விலைக்கு வரும். செகண்ட் ஹேண்ட் சைக்கிளும் அதில் உண்டு. சென்னைக்குப் பிழைக்க வந்த எத்தனையோ தொழிலாளர்கள் இப்படிப்பட்ட சந்தைகளில்தான் முதல் சைக்கிளை வாங்கியிருப்பார்கள். விற்பவர் நேர்மையானவர், வாங்குபவரும் நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். கைமாறும் வண்டிக்கு ரசீதும் இல்லை, எண் எழுதிய காகிதமும் இல்லை என்றால், அந்த நேர்மையை இருவருமே நிரூபிக்க முடியாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். தெரியாமல் வாங்கியவரும் வண்டியைப் பறிகொடுத்து நிற்பார். ஒரு துண்டுக் காகிதத்தில் பிரேம் எண்ணும் இருவர் பெயரும் தேதியும் இருந்தால் போதும், இந்தச் சந்தேகம் யார் மீதும் விழாது.

சந்தையைத் தாண்டிப் பல்லாவரம் ரயில் நிலையம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, இந்தப் புறநகர்களின் வாழ்க்கையே தண்டவாளத்தை ஒட்டித்தான் வளர்ந்தது. வீட்டிலிருந்து நிலையம் வரை சைக்கிள், அங்கிருந்து ரயில் என்று எத்தனையோ பேர் காலம் தள்ளியிருக்கிறார்கள். அதனாலேயே ரயில் நிலையங்களில் சைக்கிள் ஸ்டாண்டு என்ற ஏற்பாடு வேரூன்றியது. வண்டியை விடும்போது டோக்கனில் ஒரு பாதி வண்டிக்கு, மறு பாதி நமக்கு. எடுக்கும்போது இரண்டு பாதியும் பொருந்த வேண்டும். டோக்கனைத் தொலைத்தால் ஸ்டாண்டுக்காரர் லேசில் வண்டியை விடமாட்டார். அவருடைய பிடிவாதம்தான் வண்டிக்குக் காவல்.

பல ஸ்டாண்டுகளில் “பொருள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல” என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு நாமும் பேசாமல் வந்துவிடுகிறோம். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பாதுகாப்பாக வைத்திருந்து திருப்பித் தருவதாக ஒருவர் நம் பொருளை ஏற்றுக்கொண்டால், சாதாரண புத்தியுள்ள மனிதன் தன் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வானோ அவ்வளவு கவனம் அவருக்கு இருக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு. 1998-ல் டெல்லி தாஜ் மகால் ஓட்டலில், நிறுத்தி வைக்கச் சொல்லி ஊழியரிடம் சாவி கொடுக்கப்பட்ட ஒரு மாருதி ஜென் கார் திருடு போனது. சீட்டில் “உரிமையாளர் பொறுப்பு” என்று அச்சிட்டிருந்ததாக ஓட்டல் வாதாடியது. வண்டியைக் காவலில் ஏற்றுக்கொண்ட பிறகு, தன் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை அச்சிட்ட ஒரு வரியைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காருக்குச் சொன்ன நியாயம் சைக்கிளுக்கும் நியாயம்தான். நம் கையில் இருக்கும் பாதி டோக்கனுக்கு அந்த மதிப்பு உண்டு. வண்டிக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை அது தீர்மானித்துவிடுகிறது. கல்லூரி வளாகத்தில் டோக்கனும் கிடையாது, கட்டணமும் கிடையாது, வண்டியை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவும் ஒருவர் கிடையாது. அதனால்தான் அக்கா மகளுக்கு அந்தப் பதில் கிடைத்தது.

ஜி.எஸ்.டி. சாலையில் ஏறினால் குரோம்பேட்டை. தன் வீட்டை விற்று சி. ராஜம் 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. அப்துல் கலாம் படித்த இடம், எழுத்தாளர் சுஜாதா படித்த இடம். பணக்காரர் ஒருவர் வீட்டை விற்றதால் ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன் விமானப் பொறியியல் படிக்க முடிந்தது. இந்தப் புறநகரின் கல்விக்கு அப்படி ஒரு தொடக்கம் வாய்த்திருக்கிறது. அந்த மரபுக்கு உரிய மரியாதையை, சைக்கிளில் வந்து இறங்கும் இன்றைய பிள்ளைக்கு நம் வளாகங்கள் தருகின்றனவா என்ற கேள்வி அந்த வழி நெடுக என்னோடு வந்தது.

சாலையோரத்து ஒரு கல்லூரியில் அனுமதி கேட்டு உள்ளே போனேன். வாயிலை ஒட்டிக் கூரை போட்ட இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. சைக்கிள்களுக்கு இடம் கேன்டீனுக்குப் பின்னால். வகுப்பறை ஜன்னல் எதுவும் அந்தப் பக்கம் திறக்கவில்லை. முன்சக்கரத்தை மட்டும் செருகும்படி தரையோடு கிடந்தது ஒரு துருப்பிடித்த இரும்புச் சட்டம். அதில் நின்ற சைக்கிள்களில் பாதிக்கு மேல் பின்சக்கரத்தின் வளையப் பூட்டு மட்டுமே போட்டிருந்தார்கள். அந்தப் பூட்டு சக்கரத்தைச் சுழல விடாது, அவ்வளவுதான். வண்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போகிறவனை அது என்ன செய்யும்? சிலர் செயின் பூட்டு போட்டிருந்தார்கள். அதையும் முன்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும்தான் போட முடிந்திருக்கிறது, ஏனென்றால் பிரேமுக்கு எட்டும் உயரத்தில் அங்கே கம்பியே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், சட்டத்தோடு பூட்டிய நிலையில் ஒரு முன்சக்கரம் தனியாக நின்றது. டயரில் காற்று இருந்தது. ரிம்மின் உட்புறம் இன்னும் பளபளப்பாக இருந்தது. இரண்டு நட்டுகளைக் கழற்றிவிட்டு மீதி வண்டியை யாரோ கொண்டு போயிருக்கிறார்கள்.

வாட்ச்மேனிடம் கேட்டேன். “உள்ள வர்றவங்க அடையாள அட்டையப் பார்ப்போம் சார். பைக்னா நம்பர் பிளேட் இருக்கு, ஸ்டிக்கர் இருக்கு. சைக்கிள்ல வெளிய போற பையன் அவன் வண்டிலதான் போறானான்னு நான் எதை வெச்சுச் சொல்றது?” என்றார். குற்றம் அவருடையது அல்ல. சோதிக்க ஒரு பொருளை நிர்வாகம் அவர் கையில் கொடுக்கவில்லை.

நல்ல ஸ்டாண்டு எப்படி இருக்க வேண்டும் என்பது உலகம் நெடுக ஏற்கெனவே தீர்ந்துவிட்ட கேள்வி. தமிழ் எழுத்து ‘ப’வைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல ஒரு வளைந்த இரும்புக் குழாய். உயரம் சுமார் 75 செ.மீ., நீளம் 70 செ.மீ. முதல் ஒரு மீட்டருக்குள். இரண்டு கால்களும் கான்கிரீட்டில் புதைந்திருக்க வேண்டும். ஒரு குழாய்க்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மீட்டர் இடைவெளி. ஒவ்வொரு பக்கமும் ஒரு வண்டி சாய்ந்து நிற்கும். பிரேமையும் ஒரு சக்கரத்தையும் சேர்த்து அந்தக் குழாயோடு பூட்டலாம். இங்கிலாந்தில் இதை ஷெஃபீல்டு ஸ்டாண்டு என்கிறார்கள். நாகல்கேணியில் எந்த வெல்டிங் பட்டறையில் சொன்னாலும் செய்து கொடுப்பார்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் சுமார் பத்து சைக்கிள்களை இப்படி நிறுத்திவிடலாம்.

பூட்டை மட்டும் நம்பிப் பயனில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் பெயர்பெற்ற கிரிப்டோனைட் நிறுவனத்தின் கெட்டியான வளைகம்பிப் பூட்டுகள் சிலவற்றை, சாதாரண பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயை வைத்தே திறந்துவிடலாம் என்பது 2004-ல் அம்பலமானது. நிறுவனம் பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நல்ல பூட்டு அவசியம். அது திருடனுக்குக் கூடுதல் நேரம் பிடிக்க வைக்கும். அந்த நேரத்தில் அவனைப் பார்க்க நாலு கண்கள் இருந்தால்தான் அதற்குப் பலன். கேன்டீனுக்குப் பின்னால் வைத்தால் எந்தப் பூட்டும் வீண்.

தாம்பரம் சானடோரியம் அருகே ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். நெஞ்சக நோய் மருத்துவமனைக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் வந்தவர்கள், மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிப்ட் முடித்தவர்கள் என்று எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மகள் போலீசில் கொடுத்த புகாருக்கு என்ன ஆனது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். மனு ரசீது கிடைத்தது, சைக்கிள் கிடைக்கவில்லை. இதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. பலருக்கு இன்னும் தெரியாத காரணம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவு, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான திருட்டைத் தனியாகப் பிரிக்கிறது. முதல்முறையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குச் சிறை இல்லை, சமூக சேவைதான் தண்டனை. வறுமையிலும் வயதுக் கோளாறிலும் ஒருமுறை தவறிய இளைஞனைச் சிறைக்கு அனுப்பாமல் திருத்தும் நோக்கம் நல்லது. அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் இதோடு சேர்ந்து இன்னொரு மாற்றமும் வந்தது. அந்த மதிப்புக்குக் கீழான திருட்டு, போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றமாகிவிட்டது. மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால்தான் விசாரணை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் எவ்வளவு சிறிய திருட்டையும் போலீஸ் நேரடியாக விசாரிக்கலாம்.

இப்போது நம் பிள்ளைகளின் சைக்கிளை இந்தத் தராசில் வையுங்கள். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் அனைவருக்கும் விரிந்தது விலையில்லா மிதிவண்டித் திட்டம். பிளஸ் ஒன் மாணவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் சமீப ஆண்டுகளில் ஆண்டுதோறும் பயன் பெறுகிறார்கள். அந்த வண்டியை அரசு வாங்கும் விலையே ஐயாயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு வருடம் ஓட்டிய பிறகு அதன் மதிப்பு என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஆக, தமிழ்நாட்டின் ஏழை மாணவர்கள் வைத்திருக்கும் மிக விலை உயர்ந்த பொருள், போலீஸ் தானாகத் தேடாத பொருட்களின் பட்டியலில் போய் விழுந்துவிட்டது. பெண் பிள்ளைகளின் வீட்டில் இழப்பு இன்னும் கூடுதல். “இனி பஸ்லயே போ” என்பார்கள், கொஞ்ச நாளில் “அவ்வளவு தூரம் எதுக்கு, பக்கத்துலயே ஏதாவது படி” என்பார்கள். தொலைந்தபின் மீட்பது இவ்வளவு கடினமென்றால், தொலையாமல் காக்கும் கடமை வளாகத்தின் தலையில்தான் விழும். வேறு யாரும் அதை ஏற்கப் போவதில்லை.

தாம்பரத்தில் ரயில் பாதையைக் கடந்து கிழக்கே வந்தால் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் மரங்கள். 1837-ல் தொடங்கிய கல்லூரி, நூறாண்டு கழித்து 1937-ல் ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு இந்தக் காட்டுக்குக் குடிவந்தது. புதர்க்காடாகக் கிடந்த நிலத்தில் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவியும் நட்டு வளர்த்த மரங்கள்தான் இன்றைய நிழலில் பெரும்பங்கு. முந்நூறு ஏக்கருக்கு மேல் விரிந்த இப்படிப்பட்ட வளாகங்களுக்கும், கிண்டிக் காட்டுக்குள் இருக்கும் ஐ.ஐ.டி.க்கும் சைக்கிளைப் போலப் பொருந்தும் வாகனம் வேறில்லை. புகையில்லை, சத்தமில்லை, மான் மிரளாது. பேராசிரியர் ஒருவரால் ஒரு காட்டை வளர்க்க முடிந்ததென்றால், ஒரு நிர்வாகத்தால் நூறு இரும்புக் குழாய்களை நட முடியாதா?

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள்கள் நிற்கும் காப்பகத்தை 2019-ல் முழுமையாகத் திறந்தார்கள். முதல் 24 மணி நேரம் இலவசம். நமக்கு அவ்வளவு பெரிய கட்டடம் தேவையில்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: சைக்கிளில் வருபவரை அவர்கள் ரயில் பயணிக்குச் சமமாக மதித்து இடம் ஒதுக்கினார்கள். நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றது. அந்த மாநகராட்சியின் எல்லை பல்லாவரத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. தாம்பரம் மாநகராட்சி தனக்கென்று அப்படி ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும். பள்ளி, கல்லூரி, ரயில் நிலையம் ஆகிய மூன்று இடங்களிலும் பூட்டக்கூடிய சைக்கிள் நிறுத்தத்தை அதில் கட்டாயமாக்க வேண்டும்.

கல்லூரி முதல்வர்களுக்கும் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் நான்குதான். சைக்கிள் நிறுத்தத்தை வாயிலுக்கோ அலுவலக ஜன்னலுக்கோ எதிரே, நாலு பேர் பார்க்கும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பிரேமைப் பூட்டும்படி குழாய் நடுங்கள், மேலே கூரை போடுங்கள். சேர்க்கை நாளிலேயே மாணவரின் பெயருக்கு எதிரே பிரேம் எண்ணையும் வண்டியின் ஒரு புகைப்படத்தையும் பதிவு செய்யுங்கள். விலையில்லா மிதிவண்டி வழங்கும் விழாவிலும் மேடையை விட்டு இறங்குவதற்குள் அந்த எண்ணைப் பிள்ளையின் நோட்டில் எழுதிக் கொடுங்கள். வாயிலில் ரயில் நிலையத்து ஸ்டாண்டைப் போலவே டோக்கன் கொடுங்கள். வெளியே போகும் ஒவ்வொரு வண்டிக்கும் மறு பாதியைக் காட்டச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் செலவு, கேமரா ஒன்றை மாட்டிவிட்டு யாரும் பார்க்காமல் விடுவதற்கு ஆகும் செலவைவிட அதிகமில்லை.

பெற்றோர்கள் சேர்க்கையின்போது விடுதி, கேன்டீன், பஸ் கட்டணம் எல்லாம் விசாரிக்கிறீர்கள். இனி இதையும் கேளுங்கள்: “எங்கள் பிள்ளையின் சைக்கிளை எங்கே விடுவது? அதற்கு யார் பொறுப்பு?” பதில் சொல்ல ஒருவர் வரும்வரை அந்த மேசையை விட்டு எழாதீர்கள்.